நாய்க்குக் கடைத் தீனியை விட்டு வீட்டுச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவமனை வாசலிலும் கறிக்கடை முன்னாலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கீழே வரும் அளவுகள் ஒரு வயது தாண்டிய, கருத்தடை செய்த, நோயில்லாத 10 கிலோ நாய்க்கானவை. குட்டிக்கும் நோயுள்ள நாய்க்கும் கணக்கு வேறு. அவற்றுக்கான கேள்விகள் பின்னால் வருகின்றன.

வீட்டுச் சாப்பாடுன்னா நாம சாப்பிடுறதையே கொஞ்சம் எடுத்துப் போடுறதுதானே?

இல்லை. நம் சமையலில் உப்பு, காரம் போக வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வரை போனாலே பாதிப்பு தெரியும். 10 கிலோ நாய்க்கு 150 கிராம், அதாவது நடுத்தர அளவில் இரண்டு வெங்காயம். ஒரே வேளையில்தான் போக வேண்டும் என்றில்லை. சாம்பாரும் குழம்புமாகத் தினம் கொஞ்சம் சேர்ந்தாலும் ஆபத்துதான். வேகவைத்தாலும் வதக்கினாலும் அதன் நஞ்சு போகாது. பூண்டு வெங்காயத்தைவிடக் கடுமையானது.

"குழம்பிலிருந்து கறியை எடுத்துக் கழுவிப் போடுகிறோம்" என்பவர்கள் உண்டு. கறிக்குள் ஊறிய வெங்காயச் சாறு கழுவினால் வராது. புளியும் வேண்டாம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று கருதப்படுகிறது. புளியில் அதே அமிலம் நிறைய உண்டு. ரசம் சாதம், புளியோதரை, உலர்திராட்சை போட்ட பாயசம் எல்லாமே விலக்கு. நாய்க்கு உலை தனி என்று முடிவு செய்தால்தான் இந்த வேலையில் இறங்கலாம்.

கடைத் தீனி அவ்வளவு கெடுதலா? மாத்தியே ஆகணுமா?

கட்டாயம் இல்லை. 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று உறையில் எழுதிய நல்ல தீனியைச் சாப்பிட்டு, எடை சீராக, மலம் கெட்டியாக இருக்கும் நாய்க்கு மாற்ற ஒரு காரணமும் இல்லை. அரைகுறையாகச் சமைத்துப் போடும் சோறும் கறியும் அந்தத் தீனியைவிட மோசமானவை. தீனியை முகர்ந்து விட்டுப் போகும் நாய், எந்தத் தீனி போட்டாலும் வயிறு கெடும் நாய், குறிப்பிட்ட ஒரு புரதம் ஒத்துக்கொள்ளாத நாய், இவற்றுக்கு வீட்டுச் சமையல் கைகொடுக்கும்.

அரிப்புக்காக மாற்றுகிறவர்கள் முதலில் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒழித்துவிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். உண்மையிலேயே உணவு ஒவ்வாமை என்றாலும் மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவைதான் அடிக்கடி மாட்டுபவை. கோழிக்கறி சேர்ந்த தீனியை நிறுத்திக் கோழிச் சோறு போட்டால் அரிப்பு எப்படிக் குறையும்? இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை கெட்டது.

ஒரு நாளைக்கு எவ்வளவு போடணும்?

கண்ணளவு வேண்டாம், கலோரி பாருங்கள். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, இன்னொரு முறையும் பெருக்குங்கள். வந்த எண்ணுக்கு வர்க்கமூலம் அழுத்துங்கள், மறுபடியும் அழுத்துங்கள். அதை 70-ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கும் நாய்க்கான தேவை. 10 கிலோ நாய்க்கு 1000, பிறகு 31.6, பிறகு 5.62, கடைசியில் 394 கலோரி. இதை 1.4 முதல் 1.6 வரை பெருக்கினால் வீட்டில் வளரும் சாதாரண நாயின் நாள் தேவை: 550 முதல் 630. இதே கணக்கில் 20 கிலோ நாய்க்கு 930 முதல் 1060 வரை வரும். எடை இரட்டித்தால் உணவு இரட்டிக்காது என்பதைக் கவனியுங்கள். பெரிய நாய்களைக் கொழுக்க வைக்கும் தவறு இங்கேதான் நடக்கிறது.

இது தொடக்கப் புள்ளிதான். குண்டாகும் நாய்க்கு 1.2-க்கு இறக்குங்கள். நாள் முழுக்க ஓடும் சிப்பிப்பாறைக்கு ஏற்றுங்கள்.

சரி, தட்டில் என்னென்ன, எத்தனை கிராம்? நேரா சொல்லுங்க.

ஏறத்தாழ 600 கலோரிக்கு, ஒரு நாளைக்கு: எலும்பும் தோலும் இல்லாத கோழிக்கறி பச்சையாக 200 கிராம் (வெந்தால் 150), கோழி ஈரல் 15 கிராம், வெந்த சோறு 175 கிராம், பரங்கிக்காயோ கேரட்டோ பீன்ஸோ வேகவைத்து 60 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒரு டீஸ்பூன், ஒருநாள் விட்டு ஒருநாள் வெந்த முட்டை ஒன்று. இதோடு முட்டை ஓட்டுப் பொடி 2 கிராம். இவ்வளவையும் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். சமையலறைத் தராசு இல்லாமல் தொடங்காதீர்கள்.

கறியையும் காயையும் மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே சோற்றைக் குழைய விடுங்கள். தண்ணீரில் கரையும் பி வைட்டமின்கள் அங்கேதான் போயிருக்கும். எண்ணெய் ஆறிய பிறகு. அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள், நாயின் தோலுக்கு வேண்டிய லினோலிக் அமிலம் அதில் சொற்பம். ஈரல் நல்லது என்று கால் கிலோ போடுவதும் தவறு. வைட்டமின் ஏ உடலில் தேங்கிக் கழுத்து எலும்பையும் மூட்டையும் இறுக்கும்.

முன்னாடி ஒரு கை தீனி போட்டேன். இப்ப தட்டு நிறைய இருக்கே, தப்பா கணக்கு போட்டுட்டேனா?

தப்பில்லை. உலர்ந்த தீனி 100 கிராமில் சுமார் 350 கலோரி. மேலே சொன்ன கலவையில் 140 அளவுதான், மீதி தண்ணீர். 170 கிராம் தீனியின் இடத்தில் 425 கிராம் சாப்பாடு வரும். இது தெரியாமல் பழைய கிண்ணத்தாலேயே அளந்து போட்டு, ஒரு மாதத்தில் விலா எலும்பு துருத்திய பிறகு 'வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கலை' என்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய.

தண்ணீர் குடிப்பது குறைவதும் இதனால்தான். சாப்பாட்டிலேயே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் போகிறது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகத் தாராளமாகப் போனால் கவலை வேண்டாம்.

கறி, முட்டை எல்லாம் போடுறேன். கால்சியம் எதுக்குத் தனியா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நூறு கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் இருக்கும், கால்சியம் 15 மில்லிகிராம்கூட இருக்காது. நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், அதிகபட்சம் இரண்டு மடங்கு. ஆயிரம் கலோரிக்குக் கால்சியம் 1.25 கிராம் என்பது அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ வளர்ந்த நாய்க்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. நம் 600 கலோரித் தட்டுக்கு 750 மில்லிகிராம். சோறு, கறி, காய், முட்டை எல்லாம் சேர்ந்தும் இதில் பத்தில் ஒரு பங்கு தேறுவதே பாடு.

இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயமும் தசையும் இயங்காது. அதனால் உடல் அதை இறங்கவே விடாது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். முதலில் கரைவது தாடை எலும்பு. பல் ஆடும், கெட்டியானதைக் கடிக்க மறுக்கும், முற்றினால் தாடை ரப்பர் மாதிரி வளையும். குட்டியாக இருந்தால் சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். 'நல்லா கறி போட்டுத்தானே வளர்த்தோம்' என்று திகைப்பார்கள். கறி மட்டும் போட்டதால் வந்த வினை அது.

முட்டை ஓட்டை எப்படிப் பொடி பண்றது?

ஓட்டை அலசிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் மொடமொடவென்று காயவிடுங்கள். மிக்சியின் சின்ன ஜாரில் ஈரமே இல்லாமல் அரைத்துச் சலியுங்கள். ஒரு சிட்டிகையை விரலிடுக்கில் தேய்த்தால் மைதா போல வழுக்க வேண்டும். மணல் மாதிரி நெருடினால் மறுபடி அரையுங்கள், கரகரப்பான பொடி குடலைச் சுரண்டிக்கொண்டு அப்படியே வெளியே போய்விடும். ஒரு கிராம் பொடியில் கால்சியம் 380 மில்லிகிராம் அளவு. 2 கிராம் என்பது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு.

மாத்திரை வாங்குகிறவர்கள் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். '1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்' என்றால் அதில் கால்சியம் 500 மில்லிகிராம்தான். சப்பிச் சாப்பிடும் இனிப்பு மாத்திரை வேண்டவே வேண்டாம், அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு நஞ்சு. வாரம் ஒன்று விழுங்கச் சொல்லி நமக்குத் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யும் நாய் பக்கமே போகக் கூடாது. 10 கிலோ நாய்க்கு அதில் ஒன்றே அதிகம்.

எலும்பு சூப்பு கொடுத்தா போதாதா? கேழ்வரகுல கால்சியம் இருக்குன்னு சொல்றாங்களே?

எலும்பை ஆறு மணி நேரம் கொதிக்க வைத்தாலும் கால்சியம் தண்ணீருக்கு வருவது மிகச் சொற்பம். சூப்பில் வருவது கொழுப்பும் வழவழப்பும்தான். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவு உண்டு, தானியங்களில் அதுவே அதிகம். ஆனால் 750 எட்ட இருநூறு கிராம் மாவு போட வேண்டும், அதுவே 600 கலோரியைத் தாண்டிவிடும். மாவிலுள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றுக்குப் பதில் களியாகப் போடலாம், கால்சியக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு போடுவதாகவும் சிலர் சொல்கிறார்கள். அது வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கிவிடும்.

முட்டை ஓடு சேர்த்தாச்சு. இப்ப எல்லாச் சத்தும் வந்துடுச்சா?

வரவில்லை. துத்தநாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 600 கலோரிக்கு 12 மில்லிகிராம் வேண்டும். நம் தட்டில் ஐந்துகூடத் தேறாது. அயோடின் 150 மைக்ரோகிராம் வேண்டும். அயோடின் உப்பு ஒரு கிராமில் இருப்பது 15 அளவுதான், அதற்காகப் பத்து கிராம் உப்பைக் கொட்ட முடியாது. வைட்டமின் டி, இ, மாங்கனீஸ், கோலின் எல்லாமே இதே கதை. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டு 2013-ல் வெளியிட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஒரு சத்தாவது குறைவு. பல நாள் பலவிதமாகச் சமைத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது, எல்லாக் குறிப்பிலும் குறைவது பெரும்பாலும் அதே சத்துகள்தான்.

எனவே வீட்டுச் சமையலைச் சமன்படுத்தவென்றே தயாரித்த தாதுப்பொடி வேண்டும். உறையில் இத்தனை கலோரி உணவுக்கு இத்தனை கிராம் என்று எழுதியிருந்தால் அது சரியான சரக்கு. 'தினம் 5 மில்லி' என்று மட்டும் சொல்லும் பொதுவான சிரப் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. பொடியிலேயே கால்சியம் இருந்தால் முட்டை ஓட்டை நிறுத்துங்கள், இரண்டையும் போட்டால் துத்தநாகம் உடலில் ஏறுவதைக் கால்சியமே தடுக்கும். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் சென்னையில் வேப்பேரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

எத்தனை நாள்ல மாத்தணும்? வயிறு போச்சுன்னா?

பத்து நாள். முதல் மூன்று நாள் கால் பங்கு புதிது, அடுத்த மூன்று நாள் பாதி, அடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுவதும். பங்கு என்பது கலோரியில். 600-க்குக் கால் பங்கு என்றால் வீட்டுச் சாப்பாடு 105 கிராமும் பழைய தீனி 130 கிராமும்.

மலம் இளகினால் முந்தைய படிக்கு இறங்கி மூன்று நாள் நில்லுங்கள். எண்ணெயையும் ஈரலையும் கடைசிப் படியில் சேர்த்தால் பாதித் தொல்லை வராது. இரத்தம், தொடர் வாந்தி, சுருண்டு படுத்தல் இருந்தால் சோதனை எல்லாம் அப்புறம், மருத்துவரிடம் போங்கள். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் தோலும் கொழுப்பும் தின்ற நாய்க்கு இப்படி வந்தால் கணையம் வீங்கியிருக்கலாம்.

கறியை மட்டும் பொறுக்கிட்டு சோத்தை வச்சிடுது.

துண்டாகப் போட்டால் எந்த நாயும் பொறுக்கும். கறியை விரலால் நார்நாராகக் கிழித்து, சோறு சூடாக இருக்கும்போதே வெந்த தண்ணீரோடு சேர்த்துப் பிசையுங்கள். ஒவ்வொரு பருக்கையிலும் கறி வாசம் ஏற வேண்டும், உருண்டை பிடித்தால் பிரியக் கூடாது. இருபது நிமிடத்தில் சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். பாவம் என்று தனியாகக் கறி போட்டால் நாளையிலிருந்து அது உங்களைப் பழக்கிவிடும்.

பச்சைக் கறி, எலும்பு போடலாமா? நாய் வேட்டை விலங்குதானே?

பச்சைக் கோழியில் சால்மோனெல்லா என்ற கிருமி சாதாரணம். நாய் தாங்கினாலும் அதன் மலத்தின் வழியாக வீட்டுக் குழந்தைக்கு வரும். உறைய வைத்தால் கிருமி தூங்கும், சாகாது. ஆட்டின் பச்சை ஈரல், நுரையீரலில் நீர்க்கட்டி இருந்தால் அது நாய்க் குடலில் நாடாப்புழுவாகி, அதன் முட்டை நம் வயிற்றுக்குள் போய் நமக்கு நீர்க்கட்டி ஆகும். கறிக்கடைக் கழிவை அப்படியே வாங்கி வீசும் பழக்கம் அந்தச் சுழற்சிக்குத்தான் உதவுகிறது.

வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். குக்கரில் பல விசில் விட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும் கோழி எலும்பு குத்தாதுதான். ஆனால் அதில் எத்தனை கால்சியம் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்டு எலும்பு குக்கரிலும் அப்படி மசியாது.

நாங்க சைவம். தயிர் சாதத்திலேயே வளர்க்கலாமா?

தயிர் சாதம் மட்டும் என்றால் முடியாது. 350 கிராம் சோறும் 240 கிராம் தயிரும் சேர்ந்து 600 கலோரி வரும், புரதம் 18 கிராமைத் தாண்டாது. தேவை குறைந்தது 27. சோற்றைக் குறைத்து இரண்டு முட்டை சேர்த்தால் புரதம் எட்டும். முட்டையும் கூடாதென்றால் பனீர், வெந்த சோயா. தாதுப்பொடி இங்கே இன்னும் கட்டாயம், தயிரின் கால்சியம் 300 மில்லிகிராம் அளவோடு நின்றுவிடும். பால் குடித்துக் கழியும் நாய்க்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

நாலு மாச லாப்ரடார் குட்டி. இப்பவே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். வளரும் குட்டிக்கு ஆயிரம் கலோரிக்குக் கால்சியம் 3 கிராம் தேவை, பெரிய இனங்களுக்கு 4.5 கிராம் தாண்டக் கூடாது. ஆறு மாதத்துக்குள் குட்டியின் குடலுக்கு அதிகக் கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, குறைந்தாலும் கூடினாலும் எலும்பு கோணும். இந்த இடுக்கில் முட்டை ஓடும் டீஸ்பூனுமாக நடக்க முடியாது. வளர்ச்சி முடியும்வரை பெரிய இனக் குட்டிகளுக்கான தீனியே போடுங்கள்.

காலையில கடைத் தீனி, ராத்திரி வீட்டுச் சாப்பாடு, சரியா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுவே நல்ல வழி. நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குவரை வீட்டு உணவு என்றால் எதுவும் சேர்க்க வேண்டாம். பாதி பாதி என்றால் வீட்டுப் பாதிக்கான தாதுப்பொடி உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் கலந்தால் வயிறு கெடும் என்பது வெறும் பேச்சு. மாற்றும் பத்து நாளும் அதைத்தானே செய்தோம்.

வாரத்துக்கு ஒரே தடவை சமைச்சு வைக்கலாமா?

வைக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றி, வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்துவிடுங்கள். மூன்று நாளுக்கானது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மீதி ஃப்ரீசரில். எண்ணெயையும் பொடியையும் போடும்போது கலந்தால் போதும்.

சிறுநீரகம் சரியில்லைன்னு சொல்லிட்டாங்க. இதே அளவு போடலாமா?

கூடாது. அந்த நாய்க்குப் பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும், கணைய நோய்க்குக் கொழுப்பை, ஆக்சலேட் கல்லுக்குப் பசலைக்கீரையை. மேலே உள்ள தட்டு இவற்றில் எதற்கும் பொருந்தாது. மருத்துவர் கிராமோடு எழுதித் தருவதை மட்டும் சமையுங்கள்.

ரத்தப் பரிசோதனையில கால்சியம் சரியா இருக்கு. அப்ப நான் போடுறது சரிதானே?

கால்சியம் கேள்விக்கான பதிலை மறுபடி பாருங்கள். எலும்பைக் கரைத்தாவது உடல் அந்த எண்ணைச் சரியாகக் காட்டும். எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயிலும் தெரியும். அதனால் சரிபார்க்க வேண்டியது நாய்க்குப் போடும் தட்டை.

மற்றவற்றை நீங்களே பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை: நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். விலாவில் உள்ளங்கையை வைத்தால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. மூக்கைச் சுற்றியும் பாதத்திலும் தோல் தடித்துப் பொருக்கு கட்டினால் துத்தநாகத்தைச் சந்தேகியுங்கள். மூன்றாம் மாதம் மருத்துவரிடம் போகும்போது, 'கறியும் சோறும் போடுறோம்' என்று சொல்லாமல், ஒரு வாரம் போட்டதையெல்லாம் கிராமில் எழுதி, தாதுப்பொடி உறையையும் கூடவே எடுத்துப் போங்கள்.